கன்னத்தில் பொட்டு வைத்த மீன்கள்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
18 ஜூன் 1989

கனடா தேசத்து ஆற்றங்கரையில் உத்தியோகம் பார்க்கும் என் வீட்டுக்காரர் திம்மராயன் அவர்களுக்கு, நஞ்சம்மா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சரசுவும், பேரிகையில் உங்கள் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். தாங்கள் சுகமாக இருப்பது போட்டோவிலேயே பல் பல்லாகத் தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை.

போட்டோ வந்த அன்று வீட்டில் திருவிழாதான். மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, தலையில் தொப்பி, இரண்டு கையிலும் பச்சைக் குழந்தை மாதிரி ஒரு மீன். நம் கல்யாணப் போட்டோவில் இந்தச் சிரிப்பில் கால்வாசி கூட இல்லை. அன்றைக்கு யாரோ உங்கள் பல்லைப் பிடுங்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் அம்மா அந்தப் போட்டோவை வாங்கிக்கொண்டு போய்ப் பேரிகைச் சந்தையில் தக்காளிக் கூடைக்காரிகளிடமெல்லாம் காட்டி, "எம் மவன் புடிச்ச மீனு பாரு, ஆட்டுக்குட்டி கனம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். பிடித்தது காசு கட்டி மீன் பிடிக்க வந்த விருந்தாளி, நான் ஏந்திக்கொண்டுதான் நின்றேன் என்று போட்டோவின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்தீர்களே, அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. பெற்ற வயிறு, குளிர்ந்தால் குளிர்ந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மீனைப் பிறகு என்ன குழம்பு வைத்தார்கள் என்று ஆசையோடு மேலே படித்தேன். திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்களாம்! பெரிய சால்மன் மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே சட்டமாம். ஆகாய விமானம் ஏறி வந்து, விறைக்கிற தண்ணீரில் இடுப்பளவு நின்று, ஒரு மீனின் வாயைக் கிழித்து, அதோடு போட்டோ எடுத்து, தடவிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அறைக்குப் போய்க் கோழிக் கறி தின்கிறார்களாம். இதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். நம் கிருஷ்ணகிரி டேமில் ஒருத்தன் கெண்டை பிடித்து முத்தம் கொடுத்து விட்டுவிட்டால், அங்கே மீன் வறுக்கிற பொம்பிளைகளே அவனைப் பிடித்துக் கட்டிப் பைத்திய வைத்தியத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

அதைவிட எனக்கு ஆற்றாமையாக இருந்தது நீங்கள் எழுதிய இன்னொரு சங்கதி. சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்து முட்டையிட்டு, பனிக்காலம் பூராவும் ஐஸுக்கு அடியில் பட்டினி கிடக்குமாம். ஐஸ் உருகியதும் எலும்பும் தோலுமாகக் கடலுக்குத் திரும்புமாம். அந்த நேரம் பார்த்து, நாம் கட்டி அனுப்புகிற ஸ்ட்ரீமரை, அதாவது முடியும் ஜரிகையும் சுற்றிக் குட்டி மீன் மாதிரி செய்த தூண்டில் முள்ளைத் தண்ணீரில் இழுத்தால், பசியில் பாய்ந்து வந்து கவ்வுமாம். நம் சரக்கு உயிர் மீன் போலவே நீந்துகிறது, பார்க்கக் கண் கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பெற்றுப் பட்டினி கிடந்த உயிருக்கு இலையைப் போட்டுப் பொய்ச் சோறு பரிமாறுவதைத்தான் அந்தப் பெரிய மனிதர்கள் விளையாட்டு என்கிறார்கள். நம் பக்கத்தில் இப்படிச் செய்கிறவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நானும் அதைக் கட்டித்தான் சாப்பிடுகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க மாட்டேன்.

நம் கம்பெனிச் செய்தி. நாம் கட்டுகிற முள்ளுக்கு இங்கிலீஷில் ஃப்ளை, அதாவது ஈ என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், பஸ் கண்டக்டர் இன்னும் "ஈ கம்பெனி, ஈ கம்பெனி எறங்கு" என்றுதான் கூவுகிறான். பக்கத்து ஷெட்டில் ஸ்பிரிங் செய்கிற பெண்கள் எங்களைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், நாங்கள் ஏதோ சாக்கடை ஈயைப் பிடித்து டப்பாவில் அடைக்கிற மாதிரி. முதலாளி ரத்தினவேல் தன் அறைக்கு மட்டும் புது ஃபேன் மாட்டிக்கொண்டார். எங்களுக்கு ஃபேன் போட்டால் சேவல் இறகு பறந்துவிடுமாம். இறகு பறக்கக் கூடாது, நாங்கள் வெந்து சாகலாம். மற்ற பெண்கள் முடி கட்டி, ஜரிகை சுற்றி, தலைக்கு வார்னிஷ் பூசி என் மேசைக்குத் தள்ளுகிறார்கள். கண் திறப்பது எப்போதும் போல நான்தான். மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. இத்தனை மீனுக்குக் கண் வைத்து என் கண் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் புறப்பட்ட அன்று கம்பெனி வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் தோரணையில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "கடல் தாண்டிப் போற சரக்கு, நாலு பேர் கண்ணு பட்டுரும். டஜனுக்கு ஒண்ணுக்குக் கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்சி அனுப்புங்க, யாவாரம் நல்லா நடக்கும்" என்றீர்கள். குழந்தைக்கு வைத்தால் சரி, முள்ளுக்கும் முடிக்கும் எவன் கண் வைப்பான் என்று ஜோதியம்மாள் அங்கேயே கேட்டாள். "சொன்னத்த செய்யி" என்று அவள் வாயை அடைத்தீர்கள். சூப்பர்வைசர் வாக்கு, மீறலாமா? ஒவ்வொரு டஜனிலும் ஒரு மீனுக்கு இடது கன்னத்தில் கறுப்பு வார்னிஷால் பொட்டு வைத்துத்தான் பெட்டி கட்டுகிறோம்.

உண்மையைச் சொன்னால் நீங்கள் பயந்தது சரக்குக்காக அல்ல, உங்களுக்காக. கனடா போகிறவன் மேல் ஊர்க் கண் விழுந்துவிடுமே என்று. உங்கள் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்? நீங்கள் கட்டினால் மீன் தலை வெண்டைக்காய்க் காம்பு மாதிரி தடித்துத்தான் வரும். பொம்பிளையைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று முதலாளி சொன்னதால் உங்களுக்கு விமானம் கிடைத்தது. இதை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். நானும் இங்கே சொல்லவில்லை.

சீசன் முடிந்ததும் தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சரசு அதைப் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள். உங்களுக்கு முழங்கால் வலி உண்டு, தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். விருந்தாளிகள் நிற்கட்டும், அது அவர்கள் தலையெழுத்து.

இப்படிக்கு,
தங்கள் நலத்தைச் சாமியிடமும் தபால்காரனிடமும் கேட்டுக்கொண்டிருக்கும்,
நஞ்சம்மா


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
26 நவம்பர் 1989

திம்மராயன் அவர்களுக்கு, நஞ்சம்மா எழுதுவது. சுகம் விசாரித்து ஆரம்பிக்கிற மனசு இன்றைக்கு இல்லை. சரசுவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. சுகச் செய்தி அவ்வளவுதான்.

தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. உங்களுக்குப் பதிலாக ஒரு நீலக் காகிதம் வந்தது. பனிக்காலத்திலும், நம் சரக்கை வாங்குகிற உங்கள் துரையின் கடையில் உட்கார்ந்து முள் கட்ட ஆள் வேண்டுமாம், துரை உங்களை விட மாட்டேன் என்கிறாராம். சரசு புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்று அழுதாள். அப்பாவை அந்த ஊர் மீன் மாதிரி பிடித்து வைத்துக்கொண்டார்கள், திரும்ப விடுகிற சட்டம் மனிதனுக்கு இல்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். அதைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது எழுதுவது பொறுக்க முடியாதது.

போன வாரம் உங்கள் துரை இங்கே வந்தார். ஒரு ஆள் உயரத்துக்கு ஒன்றரை ஆள், காது இரண்டும் சிவந்து, கழுத்தில் கைக்குட்டை. முதலாளி தன் அறை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டின் நடுவில் போட்டார். அத்தோடு விடாமல் தன் தோள் துண்டாலேயே அதைத் துடைத்தார். எங்களுக்குத் தண்ணீர்ப் பானை வாங்கிப் போட மனமில்லாதவர் பெங்களூருக்கு ஆள் அனுப்பிச் சோடா வாங்கி வைத்திருந்தார். துரை அதைத் தொடவில்லை, தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார். இதுவரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு காரிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள். எல்லாம் நாம் கட்டி அனுப்பிய ஸ்ட்ரீமர், திரும்பி வந்துவிட்டது. துரை ஒரு டப்பாவைத் திறந்து ஒரு மீனை எடுத்து அதன் கன்னத்தை விரலால் காட்டினார். இன்னொரு டப்பா, இன்னொரு கன்னம். அங்கே கடைக்காரர்கள் டப்பாவுக்கு ஒன்று கறை பட்டிருக்கிறது, இது கழித்துப் போட்ட சரக்கு என்று சொல்லி மொத்தத்தையும் திருப்பிவிட்டார்களாம். கணக்கெழுதுகிற வெங்கடப்பன்தான் மொழிபெயர்த்தான். அவன் தமிழ் உங்களுக்குத் தெரியுமே, இங்கிலீஷைக் கன்னடத்தில் ஊறப் போட்டுப் பிழிந்து எடுப்பான். அன்றைக்குப் பாவம், பிழியவே தயங்கினான்.

"நஞ்சம்மா, தப்பா நெனச்சிக்காத. தொரை அங்க திம்மராயன கேட்டிருக்கார், இது இன்னா கறைன்னு. அது என் பொண்டாட்டி பண்ற வேலை, படிப்பில்லாதவ, மூடநம்பிக்கை, நான் எத்தினியோ தரம் வேணாம்னு சொன்னேன், கேக்கலன்னு சொல்லிட்டானாம்" என்றான்.

வேலை செய்துகொண்டிருந்த எல்லாக் கையும் நின்றது. நீங்கள் எலுமிச்சம்பழம் நறுக்கின அன்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஜோதியம்மாள் வாயைத் திறந்தேவிட்டாள். மேசைக்கு அடியில் அவள் காலை என் காலால் அழுத்தினேன். முதலாளி என்னைப் பார்த்து, "நீயாம்மா வெச்சது?" என்று கேட்டார். "என் கைதாங்க" என்றேன். அது பொய் இல்லை. கை என்னுடையது, வாய்தான் உங்களுடையது.

அப்போதே என்னைக் கணக்கு முடித்துப் போகச் சொன்னார். துரைக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும், என்னைக் கூப்பிட்டு ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். முள்ளில் எதை மாட்டினால் எது கவ்வும் என்பதுதானே அவர் தொழில். வாங்கி மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

படிப்பில்லாதவள் என்றீர்களாமே. நான் எட்டாவது முதல் தடவையிலேயே பாஸ். நீங்கள் பத்தாவதை எழுதி எழுதியே மீசை முளைத்தவர். மூடநம்பிக்கை என்றீர்களாமே. பூனை குறுக்கே போனதென்று டியூட்டிக்குப் போகாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டவர் யார்? குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். உங்களைக் குதிரை என்று சொன்னால் குதிரைக்குக் கோபம் வரும். கட்டின பெண்டாட்டியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆண்பிள்ளையை நான் பேரிகையில் பார்த்ததில்லை, ஊத்தங்கரையில் என் பிறந்த வீட்டுப் பக்கமும் பார்த்ததில்லை. கனடாவில் போய் நின்றதும் அந்த வித்தை வந்துவிட்டது.

அப்படியானால் நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் மேல் ஆசை என்று நினைத்து மீசையைத் தடவ வேண்டாம். நான் வாயைத் திறந்திருந்தால் துரை ஊருக்குப் போன மறுநாளே உங்களை விமானம் ஏற்றியிருப்பார். நீங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதைச் சரசு பார்க்க வேண்டாமே என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அதுதான் தோன்றியது. இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

ஏனென்றால் வேலை போனது பெரிதில்லை. ரோஜாத் தோட்டத்தில் முள் கிள்ளுகிற கூலிக்குப் போகிறேன். முள் எனக்குப் புதிதா? போனது பெயர். திருஷ்டிப் பொட்டு என்பது வாய்க்கு வாய் மாறி மந்திரமாகி, செய்வினையாகிவிட்டது. நஞ்சம்மா ஏதோ வைத்துத்தான் கம்பெனி சரக்கு திரும்பியது, புருஷனுக்கும் ஏதோ வைத்துத்தான் கனடா அனுப்பினாள், இப்போது அது திருப்பி அடித்துவிட்டது என்கிறார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகருகிறது. பள்ளிக்கூடத்தில் சரசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடம் மாறிவிட்டாள். "உங்கம்மா கறுப்பு மை வெப்பாளாமே" என்றாளாம். சரசு வீட்டுக்கு வந்து நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு நிற்கிறாள். வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்களிடம் காசு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. வா என்று கூடக் கேட்கவில்லை. முதலாளிக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். பொட்டு வைக்கச் சொன்னது நான், என் வீட்டுக்காரி இல்லை என்று ஒரு வரி. அதை அவர் ஷெட்டில் படித்தால் போதும், மற்றதை ஜோதியம்மாள் பார்த்துக்கொள்வாள். இத்தனை நாள் விருந்தாளி பிடித்த மீனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, இது ஒரு வரிதான். எழுத முடியாதென்றால் எனக்கும் இனிமேல் எழுத வேண்டாம்.

சாமி உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், அது கெட்டுப் போகாமல் இருக்கும்.

இப்படிக்கு,
படிப்பில்லாத நஞ்சம்மா


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
11 பிப்ரவரி 1990

பம்பாயில் வெள்ளைச்சாமி அண்ணன் வீட்டில் ஒளிந்திருக்கும் சரசுவின் அப்பாவுக்கு, நஞ்சம்மா எழுதிக்கொண்டது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தன் லேத்துப் பட்டறையில் உங்களுக்கு இடம் கொடுத்த புண்ணியவான். வேலையும் கொடுத்தாரா, அல்லது மூலையில் உட்கார வைத்திருக்கிறாரா என்பது தெரியவில்லை.

நீங்கள் பம்பாயிலிருந்து போட்ட கார்டு கிடைத்தது. கனடா குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை நானே விட்டுவிட்டேன், கொஞ்ச நாள் இங்கே சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்ட ஒரு வரியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதைப் படித்துவிட்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் அம்மா அப்போது இங்கேதான் இருந்தார், அவரும் சேர்ந்துகொண்டார். மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் பேசியது நம் வீட்டில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் வெங்கடப்பன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றான். துரை முதலாளியோடு போனில் பேசினாராம். என்ன பேசினார் என்று அவன் சொல்லச் சொல்ல, எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இங்கிலீஷைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய், மறுபடி சொல்லு என்றேன். அவன் மறுபடியும் அதையேதான் சொன்னான்.

என் கடிதம் வந்து சில நாள் கழித்து, துரையும் கடைக்காரர்களும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நீங்கள் போனீர்களாம். பரிமாறுகிறவன் ஏதோ கொண்டு வருகிறான் என்று அவர்கள் நிமிர்ந்து பார்த்தால், வெறுங்கையோடு நடுவில் நின்றீர்களாம். "ஒய்ஃப் நோ. மீ. மீ டெல். ஒய்ஃப் ஹேண்ட் ஒன்லி. மீ லையர்" என்று உங்கள் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து உங்கள் கன்னத்திலேயே விரலை வைத்துக் காட்டி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னீர்களாம். சொல்லும்போது அழுதீர்கள் என்றும் துரை சொன்னாராம். அழுகை மட்டும் மொழிபெயர்க்காமலே புரிந்திருக்கும்.

துரை உங்களைத் திருப்பி அனுப்பியது பொட்டுக்காக இல்லையாம், பொய்க்காகவாம். பொய் சொன்ன ஆளை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டாராம். வெங்கடப்பன் இதை ஏதோ வேதவாக்கு மாதிரி சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜரிகையைச் சுற்றிக் கண்ணை எழுதிப் பொய் மீன் விற்றுப் பங்களா கட்டின மனிதருக்குப் பொய் என்றால் ஆகாதாம். உண்மையைச் சொன்ன அன்று வேலை போயிற்று, பொய் சொன்னவரைக்கும் கோட்டு மாட்டி உட்கார வைத்திருந்தார். அவருடைய நியாயம் அவருடைய ஆற்றோடு போகட்டும்.

முதலாளி என்னை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார் என்று சொல்லத்தான் வெங்கடப்பன் வந்தது. நான் உடனே ஓடவில்லை. எந்த ஷெட்டில், எவ்வளவு பேர் முன்னால் போகச் சொன்னாரோ, அதே இடத்தில் அவ்வளவு பேர் முன்னால் வரச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னார். கூரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு, ஏதோ மழை வருமா என்று கேட்கிற மாதிரி சொன்னார். ஜோதியம்மாள், "சத்தமா சொல்லுங்க மொதலாளி, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னார். இப்போது போய்வந்துகொண்டிருக்கிறேன். குழாயடியில் குடத்தை நகர்த்தினவர்கள் எல்லாம், எங்களுக்கு அப்பவே தெரியும், நீ அப்படிப்பட்டவளா என்கிறார்கள். இவர்களுக்கு முதுகெலும்புக்குப் பதில் நூல்தான் கட்டியிருக்கிறது. ஆனால் சரசு பக்கத்துப் பெண் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள். சரசுவும் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். எனக்கு அது போதும்.

எனக்கு ஆத்திரமெல்லாம் உங்கள் மேல்தான். நான் கேட்டது ஒரு வரி, அதுவும் முதலாளிக்குத் தபாலில். நீங்கள் அந்தத் துரைமார் நடுவில் போய் நின்று, தெரியாத பாஷையில் உங்களையே பொய்யன் என்று சொல்லிக்கொண்டீர்கள். இதை ஏன் எனக்கு எழுதவில்லை? பிடிக்காத மீனைப் பிடித்த மாதிரி போட்டோ அனுப்பத் தெரிந்தது. அந்த ஊர்ப் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து நீங்கள் செய்த ஒரே உருப்படியான காரியத்தை மட்டும் குளிர் என்று சொல்லி மூடிவிட்டீர்கள். வெங்கடப்பன் வராமல் போயிருந்தால் நான் உங்களைக் காலம் பூராவும் கோழை என்றே நினைத்துக்கொண்டு செத்திருப்பேனே. கோழைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் அம்மாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து போய்க் களி கிண்டினார். "எங்கூட்டுக்காரரு கூட இப்புடி நின்னதில்ல" என்று அடுப்பிடம் சொன்னதை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீங்கள் ஏன் பம்பாயில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கனடா போனவன் பெட்டியும் படுக்கையும் இல்லாமல் திரும்பி வந்தான் என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிப்பார்கள்தான், அதில் பொய் சொல்ல மாட்டேன். முதலாளி உங்களுக்குச் சூப்பர்வைசர் வேலையைத் திரும்பக் கொடுக்க மாட்டார், அதையும் கேட்டுவிட்டேன். ஸ்பிரிங் ஷெட்டில் பெட்டி தூக்க ஆள் எடுக்கிறார்கள். அங்கே சொல்லி வைத்திருக்கிறேன். கௌரவமான வேலை இல்லை. பெட்டி தூக்குகிறவனை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வாருங்கள். வெள்ளைச்சாமி அண்ணனை ரயில் ஏற்றிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு மனசு மாறித் திரும்பிவிடுவீர்கள். பெங்களூரில் இறங்கி அத்திப்பள்ளி வழியாக வருகிற பஸ்ஸில் ஏறுங்கள். பகலில் வாருங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க இறங்குங்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்து வழியாக வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். எந்த நாள் என்று தந்தி கொடுத்தால் சரசுவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறேன்.

ஏன் திரும்பி வந்தாய் என்று யாராவது கேட்டால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். உங்களுக்கு நிஜம் பேசிப் பழக்கமில்லை, மறுபடியும் குளிர் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
நஞ்சம்மா